முப்பத்தைந்து மதிப்பெண் மூளை

செண்பகவல்லி டீச்சரின் மூளைக்கு நூற்றுக்கு முப்பத்தைந்து மதிப்பெண் என்று எழுதிக் கொடுத்தார்கள். அறுபத்து மூன்று வயதுக்குள் அவர் எதிலும் வாங்கிய ஆகக் குறைந்த மதிப்பெண் அதுதான். அதையும் அவராக வாங்கவில்லை, ஒருத்தி போட்டுக் கொடுத்தாள் என்பதுதான் அவரால் தாங்க முடியாமல் போனது.

2046-இல் பக்கவாதம் வந்த எல்லோருக்கும் மதிப்பெண் போட்டார்கள். ஸ்கேன் எந்திரம் மூளைக்குள் இருக்கும் வெண்பொருளைப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்லும். முப்பத்தைந்தும் அதற்கு மேலும் என்றால் செம்பட்டூர் மறுவாழ்வு மையத்தில் தொண்ணூறு நாள் படுக்கை, காந்தத் தொப்பி, தினமும் ஐந்து மணி நேரம் பயிற்சி. அதற்குக் கீழே என்றால் ஓட்டைபோட்ட நாற்காலி ஒன்றும் பராமரிப்புக் கையேடு ஒன்றும் தந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எல்லைக்கோடு ஏன் முப்பத்தைந்து என்று ஒருவரும் கேட்டதில்லை. பள்ளிக்கூடம் போன யாருக்கும் அது கேட்கத் தோன்றாது.

டீச்சருக்குப் பக்கவாதம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது. கத்தி கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போன வலது கை வரவில்லை. கணவர் சங்கரபாண்டியனைக் கூப்பிட வாயைத் திறந்தார், "பதினேழு" என்றார். சங்கரபாண்டியன் பதினேழு என்ன என்று கேட்டபடி வந்து பார்த்துவிட்டுத் தெருவுக்கு ஓடினார்.

அன்றிலிருந்து டீச்சரிடம் எண்கள் மட்டும்தான் மிச்சம். மற்ற சொற்களெல்லாம் உள்ளே இருந்தன, வெளியே வரவில்லை. மனப்பாடமாக ஊறிப்போன எண்ணும் பாட்டும் சிலருக்கு இப்படித் தப்பிக்கும் என்று டாக்டர் ஹாஜிரா சொன்னார். சொன்னது சங்கரபாண்டியனிடம். வாய் பேசாத ஆளுக்குக் காதும் கேட்காது என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டதால், டீச்சர் தன்னைப் பற்றிய எல்லா விவரங்களையும் பக்கத்துவீட்டு வம்பைக் கேட்பதுபோல ஒட்டுக்கேட்க வேண்டியிருந்தது.

"மூளையில ரெண்டு சரக்கு சார்," என்றார் டாக்டர். "மேல சாம்பல் கலர்ல இருக்கிறது வேலை செய்யிற இடம். கீழ வெள்ளையா இருக்கிறது பூரா ஒயர். மேடத்துக்கு அடைப்பு வந்து செத்துப்போன இடம் சுண்டைக்காய் அளவுதான். அந்த வேலையைப் பக்கத்து இடம் எடுத்துச் செய்யணும்னா ஒயர் நல்லா இருக்கணும். பிரஷர், சுகர், வயசு எல்லாம் சேர்ந்து வருஷக்கணக்கா அதை அரிச்சிருக்கும். ஸ்கேன்ல பஞ்சு பஞ்சாத் தெரியும். பஞ்சு ஜாஸ்தின்னா மார்க் கம்மி."

மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற சங்கரபாண்டியனுக்கு இது உடனே புரிந்தது. "அப்ப வேற ஃபீடர்ல இருந்து கரண்ட் எடுக்கணும். அதுக்கு லைன் தாங்குமான்னு பார்க்கிறீங்க. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான் என்றார் டாக்டர். அவருக்கு இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கியதில்லை போலிருக்கிறது, கையேட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

ஸ்கேன் எடுத்தவள் ஜெசிந்தா. முப்பத்திரண்டு வயதிருக்கும். படம் எடுத்து முடித்ததும் டீச்சரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தன் மேசைப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டாள். வாய் பேச முடியாதவர், என்ன பார்த்துவிடப் போகிறார் என்று நினைத்திருக்கலாம்.

திரையில் முப்பத்தொன்று என்று வந்தது.

ஜெசிந்தா கதவைப் பார்த்தாள். பிறகு படத்தை ஏடு ஏடாகப் பின்னோக்கித் தள்ளினாள். நோயாளி தலையை அசைத்தால் எந்திரம் அந்தக் கலங்கலையும் பஞ்சு என்று எண்ணிவிடும் என்பதால், அதை அழிக்கும் ஒரு பொத்தான் அவளிடம் இருந்தது. காதுக்கு மேலே ஒரு வெள்ளைத் திட்டை அழித்தாள், முப்பத்திரண்டு. இன்னும் நாலு ஏடு பின்னால் போய் ஒன்றை அழித்தாள், முப்பத்துமூன்று. டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். தலை அசையவே இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

இந்தக் கைவேலையை அவர் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். இருபத்திரண்டு வருடம் பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாமில் கணக்குக்குத் தலைமைத் தேர்வாளர் அவர். கூட்டிப் பார்த்தால் முப்பத்துமூன்று வருகிறது என்றால், திருத்துகிற ஆசிரியர் பேனாவை மூடாமல் தாள்களைப் பின்னோக்கிப் புரட்டுவார். சூத்திரம் மட்டும் எழுதிவிட்ட இடத்தில் அரை, படம் கோணலாக வரைந்த இடத்தில் ஒன்று. மார்க் தேடுவது என்று அதற்குப் பெயர். மேசைக்கு மேசை எல்லோரும் செய்வார்கள், ஒருவரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். அப்படித் தேடிக் கண்டெடுத்த மார்க்குகளை டீச்சர் பச்சை மையால் அடித்துவிடுவார். முப்பத்துநாலு என்றால் முப்பத்துநாலுதான். முகாமில் அவர் மேசைப் பக்கம் யாரும் டீ குடிக்க வந்ததில்லை.

எண் முப்பத்தைந்துக்கு வந்ததும் ஜெசிந்தா நிறுத்தினாள். ஒரு மார்க்குகூடக் கூடுதலாகப் போடவில்லை.

"முப்பத்தி ஒண்ணு," என்றார் டீச்சர்.

ஜெசிந்தாவின் கை அப்படியே நின்றது. கதவை மறுபடியும் பார்த்துவிட்டு அச்சுப் பொத்தானை அழுத்தினாள். "முப்பத்தஞ்சு டீச்சர். இப்ப இது முப்பத்தஞ்சு."

டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காகவும் சேர்த்து வெட்கப்பட்டார். அன்று முழுவதும் சங்கரபாண்டியனிடம் முப்பத்தொன்று முப்பத்தொன்று என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் மாதத்தின் கடைசித் தேதி என்று நினைத்து, காலண்டரைக் கொண்டுவந்து காட்டினார்.

மையத்தில் இருபத்துநான்கு படுக்கை. முதல் வாரம் டீச்சரை நடைக்கூடத்தில் தள்ளிக்கொண்டு போகும்போதெல்லாம் அவர் படுக்கை அட்டைகளைப் படித்தார். அறுபத்திரண்டு, முப்பத்தைந்து, முப்பத்தைந்து, எழுபத்தொன்று, முப்பத்தைந்து. மொத்தம் பதினொரு முப்பத்தைந்து. முப்பத்தாறு ஒன்றுகூட இல்லை. இப்படி ஒரு கட்டு வந்திருந்தால் முகாமிலிருந்து அப்படியே திருப்பி அனுப்பியிருப்பார். பதினொரு பேருக்கு ஒரே மார்க் என்றால் ஒன்று காப்பியடித்திருக்க வேண்டும், இல்லை யாரோ மனம் இரங்கியிருக்க வேண்டும். மூளையில் காப்பியடிக்க வழியில்லை.

பயிற்சி என்பது சுத்தமான சித்திரவதை. நன்றாக இருக்கும் இடது கையைத் துணி உறைக்குள் போட்டுக் கட்டிவிட்டு, செத்த வலது கையால் மொச்சைக்கொட்டையை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றச் சொல்வார்கள். தலையில் காந்தத் தொப்பி டொக் டொக் என்று தட்டிக்கொண்டிருக்கும். முதல் பதினெட்டு நாளில் டீச்சர் ஒரே ஒரு கொட்டையை மாற்றினார், அதுவும் தரையில் விழுந்தது. ஐந்தாவது வாரம் முப்பது கொட்டை. ஏழாவது வாரம் சங்கரபாண்டியன் உப்புமா ஊட்டிக்கொண்டிருக்கும்போது, டீச்சர் முகத்தைச் சுளித்து, "உப்பில்ல" என்றார்.

சங்கரபாண்டியன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதார். நாற்பது வருடமாக அவர் சமையலைப் பற்றி டீச்சர் சொல்லிவந்த அதே விமர்சனம்.

சொற்கள் வர ஆரம்பித்ததும் டீச்சர் முதலில் ஜெசிந்தாவைத்தான் தேடிப் போனார். திட்டுவதாகத்தான் எண்ணம். ஆனால் சொற்கள் ஒன்றொன்றாக வந்ததால் திட்டு கேள்வியாகச் சுருங்கிவிட்டது. ஏன் செய்தாய் என்றுதான் கேட்க முடிந்தது.

"ரெண்டு வருஷம் நான் எதையும் தொடல டீச்சர்," என்றாள் ஜெசிந்தா. "முப்பத்தி மூணு, முப்பத்தி நாலுன்னு நாற்காலியைக் குடுத்து அனுப்பிக்கிட்டே இருந்தேன். ஒருநாள் பந்தல் போடுறவர் ஒருத்தருக்கு மிஷின் முப்பத்தஞ்சு போட்டுச்சு. அவர் நிஜமாவே தலையை ஆட்டியிருந்தாரு, அது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. வழக்கமா கலங்கலையும் பஞ்சுன்னு எண்ணும், இவருக்கு அந்தக் கலங்கல்ல பாதிப் பஞ்சு மறைஞ்சுபோயிருந்திருக்கு. சரியாப் பார்த்தா அவருக்கு முப்பத்தி ரெண்டு. ஆனா அதுக்குள்ள அவர் எந்திரிச்சு நடந்து வீட்டுக்கே போயிட்டாரு. அப்ப நான் அனுப்பிவச்சவங்களும் நடந்திருப்பாங்கதானே? அதை நினைச்சா சோறு இறங்கல."

எவ்வளவு கீழேவரை தேடுவாய் என்று டீச்சர் கேட்டார். முப்பதுவரைக்கும் என்றாள். அதற்குக் கீழே என்றால் ரொம்ப அழிக்க வேண்டும், மாட்டிக்கொள்வோம் என்று பயம். ஆக ஜெசிந்தாவுக்கும் சொந்தமாக ஒரு பாஸ் மார்க் இருந்தது.

அவள் ஒரு கோடு போட்ட நோட்டும் வைத்திருந்தாள். மூன்று வருடத்தில் மார்க் தேடிக் கொடுத்த இருநூற்றுப் பதினான்கு பேரின் உண்மையான எண்கள் அதில் இருந்தன. எதற்கு எழுதினாள் என்று அவளுக்கே தெரியவில்லை, மனசு கேட்கவில்லை என்றாள். டீச்சர் அந்த நோட்டை வாங்கிக்கொண்டு போய்ப் பத்து நாள் உட்கார்ந்தார். வலது கைக்கும் பயிற்சியாக இருக்கட்டும் என்று கட்டங்களை அந்தக் கையாலேயே கோணல்மாணலாகப் போட்டார். ஒருபக்கம் நோட்டில் இருந்தவர்கள், உண்மையில் முப்பதிலிருந்து முப்பத்துநாலு. மறுபக்கம், மையத்தின் பதிவேட்டிலிருந்து ஜெசிந்தா எடுத்துக் கொடுத்த, நேர்மையாக நாற்பது, ஐம்பது வாங்கியவர்கள். குணமான விதத்தில் இருவருக்கும் நூலளவு வித்தியாசம்கூட இல்லை. ஆனால் இந்த மதிப்பெண் முறையை நடத்தும் இயக்ககத்தின் ஆண்டறிக்கை, முப்பத்தைந்துக்குக் கீழே வாங்கியவர்களில் ஒருவர்கூடத் தேறவில்லை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அது எப்படி? இவர்களுக்குப் பயிற்சி கிடைத்தது, அவர்களுக்கு நாற்காலி கிடைத்தது. எந்திரம் மூளையை அளக்கவில்லை. யாருக்கு நாற்காலி கொடுப்பார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தது.

டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்படி ஒரு சுத்தமான கணக்கை அவர் வாழ்நாளில் போட்டதில்லை. கூடவே இன்னொரு சந்தோஷமும் இருந்தது, அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கணக்கு சரி என்றால் முப்பத்தொன்றும் பாஸ்தான். அவர் யாருடைய தயவிலும் தேறவில்லை.

கணக்கை இயக்ககத்துக்கு எழுதப் போகிறேன் என்றதும் ஜெசிந்தா பயந்துபோனாள். வேண்டாம் டீச்சர், இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக ஆட்களை உள்ளே விட்டுக்கொண்டிருக்கலாம் என்று கெஞ்சினாள்.

"எத்தனை நாளைக்கு மார்க் தேடிக்கிட்டு இருப்ப?" என்றார் டீச்சர். "கோடே தப்புன்னு நிரூபிச்சாச்சு. கணக்குல ஒரு ஓட்டை இல்ல. எதுக்குப் பயப்படுற?"

முப்பது வருடம் கணக்கு சொல்லிக் கொடுத்தவர்களுக்கு வரும் ஒரு நோய் இது. நிரூபித்துவிட்டால் எதிராளி ஒத்துக்கொள்வான் என்று நம்பிவிடுவார்கள். எந்த ஸ்கேனிலும் இது தெரியாது. டீச்சர் ஏழு பக்கம் எழுதினார், ஜெசிந்தாவின் பெயரை எங்கும் குறிப்பிடவில்லை. செம்பட்டூரில் ஸ்கேன் எடுப்பது ஜெசிந்தா ஒருத்திதான் என்பது மட்டும் அந்த நேரத்தில் அவருக்கு உறைக்கவில்லை.

எண்பத்தோராவது நாள் இயக்ககத்திலிருந்து ஆய்வு அதிகாரி வந்தார். பெயர் அபராஜிதன். மிக மரியாதையானவர். ஏழு பக்கத்தையும் இரண்டு தடவை படித்திருந்தார், மூன்றாம் பக்கத்தில் ஒரு கூட்டலைத் தானும் போட்டுப் பார்த்ததாகச் சொன்னார்.

"உங்க கணக்கு நூத்துக்கு நூறு சரி மேடம்," என்றார். "இதுல இருந்து எங்களுக்குத் தெரியவர்றது, இங்க இருநூத்திப் பதினாலு பேருக்கு மார்க் மாத்தியிருக்காங்க."

"அவங்க எல்லாம் தேறிட்டாங்களே," என்றார் டீச்சர்.

"தகுதி இல்லாதவங்க தேறினதை நாங்க எப்படி மேடம் கணக்குல எடுக்கிறது?"

டீச்சர் அவர் முகத்தையே பார்த்தார். அந்த மனிதர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே யோசித்துத்தான் கேட்டார். டீச்சருக்கு நினைவு வந்தது, இதே கேள்வியை இதே தொனியில் தானும் திருத்தும் முகாமில் மார்க் தேடிய ஆசிரியர்களிடம் கேட்டிருக்கிறார்.

இரண்டு வாரத்தில் மாநிலம் முழுவதும் எந்திரங்களிலிருந்து அந்த அழிக்கும் பொத்தான் எடுக்கப்பட்டது. இருநூற்றுப் பதினான்கு பேரும் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்களுடைய உண்மையான எண்ணோடு பார்த்தால் எண்பத்தொன்றாக இருந்த செம்பட்டூர் எந்திரத்தின் கணிப்புத் துல்லியம், அவர்கள் போனதும் தொண்ணூற்றேழு சதவீதமாக உயர்ந்தது, பத்திரிகைகளில் பாராட்டி எழுதினார்கள். டீச்சருக்கும் ஒரு கடிதம் வந்தது. தாங்கள் சிகிச்சைக்குத் தகுதியற்றவர் என்பது மறு ஆய்வில் தெரியவந்துள்ளது, எனினும் தங்களுக்கு ஏற்கெனவே ஏற்பட்டுவிட்ட முன்னேற்றத்தைத் திரும்பப் பெறும் உத்தேசம் இயக்ககத்துக்கு இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

ஜெசிந்தாவை ஒரு மலை ஊரின் எக்ஸ்ரே அறைக்கு மாற்றினார்கள். டீச்சர் கைத்தடியோடு அவள் வீட்டுக்குப் போனார். மன்னிப்பு என்ற சொல் வாயில் வராமல் சிக்கியது. அது மூளைக் கோளாறா, பழக்கமின்மையா என்று அவருக்கே சந்தேகம். ஜெசிந்தா பாத்திரங்களைத் தாளில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க எழுதினது சரிதான் டீச்சர்," என்றாள், நிமிராமல். "நேத்து ஒருத்தர் வந்தாரு, முப்பத்தி நாலு. அனுப்பிட்டேன்."

டீச்சர் வீட்டுக்கு வந்து அந்த ஏழு பக்க நகலைக் கிழித்தார். கிழிக்கும் அளவுக்கு வலது கை நன்றாக வேலை செய்தது, அதுதான் அவருக்கு அழுகையை வரவழைத்தது.

எட்டு மாதம் கழித்துச் சங்கரபாண்டியனுக்கு வந்தது. குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தவரின் வலது பக்கம் சரிந்துவிட்டது. பேச்சு குழறலோடு தப்பியது, கையும் காலும் போயின. செம்பட்டூரில் புதிதாக வந்திருந்தவன் ஒரே ஒரு பொத்தானை அழுத்தினான். இருபத்தொன்பது. ஜெசிந்தா இருந்திருந்தாலும் இவருக்குத் தேடியிருக்கமாட்டாள்.

நாற்காலியையும் கையேட்டையும் கொடுத்து அனுப்பினார்கள். கையேடு நாற்பது பக்கம். படுக்கைப் புண் வராமல் எப்படிப் புரட்டிப் போடுவது என்று படத்தோடு இருந்தது. அசைக்கச் சொல்லி ஒரு வரி இல்லை. டீச்சர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்து மூடினார். பிறகு தன்னுடைய பழைய குளிர்காலக் காலுறையை எடுத்துக் கணவரின் இடது கையில் மாட்டி, மணிக்கட்டில் கட்டினார்.

தொப்பி இல்லை, பயிற்சியாளர் இல்லை. மொச்சைக்கொட்டையைச் சங்கரபாண்டியன் மதிக்கவில்லை. எனவே டீச்சர் ஒரு பழைய மெயின் போர்டைச் சுவரில் கைக்கெட்டும் உயரத்தில் அடித்து, அதில் ஃபியூஸ் கேரியரைச் செருகிப் பிடுங்கச் சொன்னார். லைன் இன்ஸ்பெக்டர் கை அதையாவது மறந்திருக்காது என்று ஒரு நப்பாசை. டீச்சர் அவர் கையைத் தன் கையால் பிடித்துச் செருகினார், பிடுங்கினார். ஒருநாளைக்கு முந்நூறு தடவை. இருபத்தொன்பதுக்கு இது பலிக்குமா என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை. ஜெசிந்தாவின் நோட்டு முப்பதோடு நின்றுவிட்டது. தினமும் டீச்சர் குளியலறைக்குள் போய் ஐந்து நிமிடம் பயந்துவிட்டு வருவார்.

"என்னையதான் ஃபெயில்னு சொல்லிட்டாங்கல்ல," என்று சங்கரபாண்டியன் குழறிக் குழறி எரிந்து விழுந்தார். "நீ எதுக்கு டியூஷன் எடுக்கிற?"

"நான் பாஸ் பண்ணலையே. நானும் ஃபெயில்தான், தெரியும்ல," என்றார் டீச்சர். "செருகுங்க."

நூற்றுப் பன்னிரண்டாம் நாள், டீச்சர் பிடிப்பதற்கு முன்பே அவர் ஆள்காட்டி விரல் கேரியரின் விளிம்பில் ஒருமுறை வளைந்தது. டீச்சர் நீட்டிய கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். தொட்டால் கலைந்துவிடும் என்று இருவருக்குமே பயம். ஆறாவது மாதம் கேரியரைத் தானே பிடுங்கினார். செருகத்தான் வரவில்லை, தவறிப்போய்க் கீழே விழும், டீச்சர் எடுத்துக் கொடுப்பார்.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் பதினோரு மணிக்குத் தொலைபேசி வந்தது. பதிவுசெய்த பெண் குரல். இயக்ககத்தின் வருடாந்தரக் கணக்கெடுப்பு, முப்பத்தைந்துக்குக் குறைவாக மதிப்பெண் பெற்றவர்களுக்கானது என்றது. டீச்சர் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

நோயாளியின் நிலையில் மாற்றமில்லை என்றால் ஒன்றை அழுத்தவும். நிலை மோசமடைந்திருந்தால் இரண்டை அழுத்தவும். நோயாளி இறந்துவிட்டிருந்தால் மூன்றை அழுத்தவும்.

குரல் நின்றது. இன்னும் ஏதாவது வரும் என்று டீச்சர் காத்திருந்தார். வரவில்லை, முதலிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தது. தொண்ணூற்றேழு சதவீதம் எங்கிருந்து வந்தது என்பது அவருக்கு அந்த நிமிடம் புரிந்தது. உட்கார்ந்துவிட்டார்.

"நல்லாயிருந்தா எதை அழுத்தணுமாம்?" என்று கேட்டார் சங்கரபாண்டியன்.

"அதுக்கு நம்பர் வைக்கல."

சங்கரபாண்டியன் வலது கையை மேசைமேல் இழுத்துப் போட்டார். ஆள்காட்டி விரலை மற்ற விரல்களிடமிருந்து பிரிப்பதற்கே அவருக்கு நெற்றி வியர்த்தது. டீச்சரின் கை தானாக நீண்டது, மடியிலேயே பிடித்து வைத்துக்கொண்டார். விரல் நடுங்கி நடுங்கிப் போய் முதல் தடவை திரையின் ஓரத்தில் இடித்தது. இரண்டாம் தடவை நான்கின் மேல் நேராக இறங்கியது.

நீங்கள் தவறான எண்ணை அழுத்தியிருக்கிறீர்கள் என்றது குரல்.

சங்கரபாண்டியன் மறுபடியும் நான்கை அழுத்தினார்.